சின்னச் சிப்பில் பொயிண்டர் கணக்கு: சுழற்சி எங்கே போகிறது, எப்படி மீட்பது

சி மொழியில் அணியை (அரேயை) அடைப்புக்குறி போட்டு வாசித்தால் மெதுவாக ஓடும், பொயிண்டரால் (மெமரி முகவரியைப் பிடித்துவைத்திருக்கும் மாறியால்) வாசித்தால் வேகமாக ஓடும் என்ற நம்பிக்கை இங்கே பிள்ளைகளிடம் நன்றாக ஊறிப்போயிருக்கிறது. பின்னேரங்களில் உப்புவெளியில் என் மேசைக்குப் போர்டைக் கொண்டுவருகிறவர்கள் அடிக்கடி கேட்பது, "அண்ணா, எல்லா அணியையும் பொயிண்டராக மாத்திட்டன், ஏன் ஒரு மாற்றமும் இல்லை?" என்பதைத்தான். காரணம் எளிது. ஒரு சாதாரண லூப்பில் நீங்கள் அணி[இ] என்று எழுதினாலும் கொம்பைலர் (சி நிரலைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) பெரும்பாலும் தானே அதைப் பொயிண்டராக மாற்றிவிடும். -ஓஎஸ் அல்லது -ஓ2 என்ற மேம்படுத்தல் தெரிவைப் போட்டிருந்தால் இரண்டு விதமாக எழுதியதும் ஒரே இயந்திரக் கட்டளைகளில் போய் முடிவது சர்வசாதாரணம். நேரம் விரயமாகிற இடங்கள் வேறு. அவற்றைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் 2 கிலோபைட் ரேம் உள்ள சிப்பிலும் நிறைய வேலை வாங்கலாம். பெரிய சிப் வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் கையில் இருப்பது ஒரு ஆர்டுயினோ ஊனோ, மற்றதெல்லாம் கொழும்பிலிருந்து வரவேண்டும், அதோடு பற்றரியில் ஓட வேண்டும் என்றால், வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுத் தூங்குகிற நிரல்தான் நமக்குத் தேவை.

ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு போவோம். திருகோணமலைக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன, ஏழிலும் சூடு ஒன்றுபோல் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு டிஎஸ்18பி20 வெப்ப சென்சர் இறங்கியிருக்கிறது, ஊனோ போர்டில் இருக்கும் ஏடிமெகா328பி சிப் எல்லாவற்றையும் வாசித்துச் சேமிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (பயிற்சிக்காகச் சொல்கிறேன், உண்மையில் அங்கே எதையும் இறக்குவதென்றால் அனுமதி வாங்க வேண்டும்.) ஒரு பதிவில் நேரம் 4 பைட், வெப்பம் 2 பைட், கிணற்று எண் 1 பைட், மொத்தம் 7 பைட். இப்படி 64 பதிவுகள் கொண்ட ஓர் அணி, அதாவது 448 பைட். நிரல் துண்டுகளில் பெயர்களைத் தமிழில் தருகிறேன், நீங்கள் உங்களுக்கு வசதியான பெயரை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சிப்புக்கு என்ன தெரியும் என்று பாருங்கள்

ஏவிஆர் குடும்பச் சிப்பில் (ஏடிமெகா328பியும் அதில் ஒன்று) 8 பிட் ரெஜிஸ்டர்கள், அதாவது சிப் கணக்குச் செய்ய வைத்திருக்கும் சிறிய உள் இடங்கள், 32 உண்டு. ஆனால் முகவரியைப் பிடித்துக்கொண்டு மெமரியை வாசிக்கக்கூடியவை மூன்று சோடிகள்தான்: எக்ஸ், வை, இசட். ஒரு பொயிண்டர் 16 பிட், ஆகவே ஒன்றுக்கு இரண்டு ரெஜிஸ்டர் போகிறது. இந்த மூன்றிலும் "வாசி, பிறகு முகவரியை ஒன்று கூட்டு" என்பதை ஒரே கட்டளையில் செய்யலாம், 2 சுழற்சி (சிப்பின் கடிகாரத் துடிப்பு ஒன்று ஒரு சுழற்சி). "முகவரியை ஒன்று குறை, பிறகு வாசி" என்பதற்கும் கட்டளை உண்டு. ஆனால் "வாசி, பிறகு குறை" என்பதற்கு இல்லை. இதிலிருந்தே ஒரு பழக்கம் வந்துவிடுகிறது: முன்னோக்கிப் போனால் *இடம்++, பின்னோக்கிப் போனால் *--இடம். *இடம்-- என்று எழுதினால் கழித்தலுக்கென்று தனியாக ஒரு கட்டளை சேரும்.

வை, இசட் இரண்டுக்கும் மட்டும் இன்னொரு வசதி இருக்கிறது: பொயிண்டரை அசைக்காமலே அதிலிருந்து 0 முதல் 63 பைட் தள்ளி உள்ளதை நேரடியாக வாசிக்கலாம். எக்ஸுக்கு அது கிடையாது. ஃபங்ஷனின் உள்மாறிகள் ஸ்டாக்குக்கு (ரேமில் உள்ள தற்காலிக இடத்துக்கு) போய்விட்டால் வை சோடியை அவற்றுக்காகக் கொம்பைலர் எடுத்துக்கொள்ளும், உங்களுக்கு மிஞ்சுவது எக்ஸும் இசட்டும். ஒரே லூப்பில் மூன்று, நான்கு பொயிண்டர்களை ஓடவிட்டவர்களின் நிரல் ஏன் திடீரென்று வீங்குகிறது என்பதற்கு இதுதான் காரணம். பொயிண்டர்களை ரெஜிஸ்டருக்கும் ஸ்டாக்குக்கும் இடையில் மாற்றி மாற்றி ஏற்றி இறக்குவதிலேயே பாதி நேரம் போய்விடும்.

கொம்பைலர் உண்மையில் என்ன செய்தது என்று பார்க்க ஏவிஆர்-ஒப்ஜ்டம்ப் என்ற கருவிக்கு -டி கொடுத்து கொம்பைலர் தந்த எல்ஃப் கோப்பைக் காட்டுங்கள், கட்டளைகளை அசெம்பிளியாகப் பட்டியலிட்டுத் தரும். அசெம்பிளி தெரியாதே என்று பயப்பட வேண்டாம், எல்லாக் கட்டளையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. லூப் எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது, அதற்குள் எத்தனை வரி, அவற்றில் முகவரிக் கணக்குக்கு மட்டும் எத்தனை வரி என்று எண்ணத் தெரிந்தால் காணும். நேரத்தை அளக்க டைமர்1 இருக்கிறது: பிரிஸ்கேலர் (கடிகார வேகத்தை வகுத்துக் குறைக்கும் பகுதி) இல்லாமல் ஓடவிட்டால் 16 மெகாஹேர்ட்ஸில் ஓர் எண்ணம் 62.5 நானோசெக்கன், 16 பிட் ஆனபடியால் ஏறக்குறைய 4.1 மில்லிசெக்கன் வரை அளக்கலாம். தொடக்கத்தில் ஒரு வாசிப்பு, முடிவில் ஒரு வாசிப்பு, கழித்தால் நேரடியாகச் சுழற்சி எண்ணிக்கை வந்துவிடும். அளக்காமல் எதையும் மாற்றாதீர்கள். மாற்றிய பிறகு நிரல் வாசிக்கக் கடினமாகிவிட்டு நேரம் குறையவில்லை என்றால், பழையதற்கே திரும்புங்கள்.

குளோபல் பொயிண்டர்: பெரிய விரயம் இங்கேதான்

என் அனுபவத்தில் மிகக் குறைந்த உழைப்பில் மிக அதிகம் மீட்கக்கூடிய இடம் இது. பதிவை அனுப்புவதற்கு முன் பைட் பைட்டாக ஒரு பஃபருக்குள் (தற்காலிகச் சேமிப்பு அணிக்குள்) எழுதுகிறோம், எழுத வேண்டிய இடத்தை ஒரு குளோபல் (எல்லா ஃபங்ஷனுக்கும் பொதுவான) பொயிண்டர் காட்டுகிறது:

*எழுதுமிடம்++ = பைட்;

பார்க்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! ஆனால் எழுதுமிடம் ஒரு குளோபல் மாறி, அது ரேமில் இருக்கிறது. இந்த ஒரு வரிக்காகச் சிப் அந்தப் பொயிண்டரின் இரண்டு பைட்டையும் ரேமிலிருந்து எடுக்க வேண்டும் (4 சுழற்சி), பைட்டை எழுத வேண்டும் (2 சுழற்சி), கூட்டிய முகவரியைத் திரும்ப ரேமில் வைக்க வேண்டும் (4 சுழற்சி). நமக்குத் தேவையான வேலை 2, அதைச் சுற்றியுள்ள செலவு 8. அந்த எடுத்து வைக்கும் நான்கு கட்டளைகள் ஒவ்வொன்றும் 4 பைட் வேறு, ஆகவே இந்த வரி வருகிற ஒவ்வோர் இடத்திலும் ஃபிளாஷில் (நிரல் இருக்கும் மெமரியில்) 16 பைட் கூடுதலாகப் போகிறது.

லூப்புக்குள் இருந்தால் கொம்பைலர் பொயிண்டரை ரெஜிஸ்டரிலேயே வைத்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, ஆனால் அதற்கு அந்த உரிமை இல்லை. நாம் எழுதுவது 8 பிட் பைட் வகைப் பொயிண்டர் வழியாக. சி மொழியின் விதிப்படி அந்த வகைப் பொயிண்டர் மெமரியில் உள்ள எதையும் தொடலாம், எழுதுமிடம் என்ற அந்தக் குளோபல் மாறியையே கூடத் தொடலாம். நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள் என்று உங்களுக்குத் தெரியும், கொம்பைலருக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு முறை பைட்டை எழுதியதும் "ஒருவேளை அந்தப் பொயிண்டரே மாறியிருக்குமோ" என்று திரும்பவும் ரேமில் போய்ப் பார்க்கிறது. தீர்வு இரண்டே வரி, ஃபங்ஷன் தொடங்கும்போது உள்மாறியில் ஒரு பிரதி எடுப்பதும் முடிவில் திரும்ப வைப்பதும்:

இடம் = எழுதுமிடம்;
(லூப்புக்குள்) *இடம்++ = பைட்;
எழுதுமிடம் = இடம்;

உள்மாறியின் முகவரியை நீங்கள் வேறெங்கும் கொடுக்காதவரை அதை வேறு எவராலும் தொட முடியாது என்று கொம்பைலருக்கு உறுதியாகத் தெரியும், ஆகவே அது ரெஜிஸ்டரை விட்டு அசையாது. லூப்புக்குள் ஒரு பைட் எழுத 10 சுழற்சி போன இடத்தில் இப்போது 2. இதே நோய் இன்னொரு வேஷத்திலும் வரும்: லூப்பின் எல்லை ஒரு ஸ்ட்ரக்டின் (பல உறுப்புகளைச் சேர்த்த ஒரே மாறியின்) உள்ளே, பொட்டலம்->நீளம் என்பதுபோல இருந்தால், பைட் எழுதிய ஒவ்வொரு முறையும் அந்த நீளத்தைப் புதிதாக வாசிக்கும். நீளத்தையும் உள்மாறிக்கு எடுத்துவிடுங்கள். சி99இல் வந்த ரெஸ்ட்ரிக்ட் என்ற சொல்லும் இதற்கு உதவும், ஆனால் அது, இந்தப் பொயிண்டர் தொடும் இடத்தை வேறொன்று தொடாது என்று நீங்கள் கொடுக்கிற வாக்குறுதி. இரண்டு பொயிண்டர்கள் உண்மையில் ஒரே இடத்தைத் தொட்டுவிட்டால் கொம்பைலர் எச்சரிக்காது, விடை மட்டும் பிழையாக வரும். உள்மாறிப் பிரதி எடுப்பதில் அந்த ஆபத்து இல்லை, அதனால் நான் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன்.

ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் குளோபல் பொயிண்டரை இன்டரப்டும் (நிரலை இடையில் நிறுத்திவிட்டு ஓடும் துண்டும்) மாற்றுகிறது என்றால் பிரதி எடுக்கக் கூடாது. இடையில் இன்டரப்ட் செய்த மாற்றத்தை நீங்கள் கடைசி வரியில் அழித்துவிடுவீர்கள்.

ஸ்ட்ரக்ட் அணியும் பெருக்கலும்

பதிவு[இ].வெப்பம் என்று எழுதும்போது சிப் செய்யும் கணக்கு: இ பெருக்கல் 7, அதோடு அணியின் தொடக்க முகவரி, அதோடு வெப்பம் இருக்கும் தூரம். வரிசையாகப் போகிற லூப்பில் கொம்பைலர் இதை 7 கூட்டலாக மாற்றிவிடும். சுட்டெண் தாறுமாறாகத் தாவும்போது, அல்லது நடுவில் வேறு ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் முழுக் கணக்கும் திரும்பத் திரும்ப நடக்கும். அப்போது பொயிண்டரை ஒரு முறை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்:

பொ = &பதிவு[இ];

அதன் பிறகு பொ->நேரம், பொ->வெப்பம், பொ->எண் என்று எத்தனை உறுப்பைத் தொட்டாலும் முன்பு சொன்ன 63 பைட் தூரத்துக்குள் இருப்பதால் முகவரிக் கணக்கே இல்லை, ஒவ்வொரு பைட்டுக்கும் 2 சுழற்சிதான். அடுத்த பதிவுக்கு பொ++ போட்டால் 7 கூட்டும், அதற்கும் 2 சுழற்சிதான். ஸ்ட்ரக்ட் 64 பைட்டைத் தாண்டினால் அடிக்கடி தொடும் உறுப்புகளை முன்னால் வையுங்கள்.

நேரத்துக்கு ஓர் அணி, வெப்பத்துக்கு ஓர் அணி, எண்ணுக்கு ஓர் அணி என்று மூன்றாகப் பிரித்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய கணினிகளில் அதற்குச் சில நன்மைகள் உண்டு, ஆனால் ஏவிஆரில் மூன்று அணி என்றால் மூன்று பொயிண்டர், நம்மிடம் இருப்பதே மூன்று சோடி. ஒரே ஸ்ட்ரக்ட் அணியாக வைத்தால் இசட் ஒன்றே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

ஸ்ட்ரக்டின் அளவை 8 ஆக்கிவிடு, பெருக்கலுக்குப் பதில் பிட் நகர்த்தல் வரும் என்ற அறிவுரை எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. இதை நான் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கச் சொல்ல மாட்டேன். ஏவிஆரில் ஒரு கட்டளை ஒரு பிட்தான் நகர்த்தும். 16 பிட் எண்ணை மூன்று இடம் நகர்த்த ஆறு கட்டளை, 6 சுழற்சி. ஏடிமெகாவில் இருக்கும் 8 பிட் பெருக்கல் கட்டளையோ 2 சுழற்சியில் முடிகிறது, விடையை எடுத்துவைக்க இன்னும் ஓரிரண்டு. ஆகவே சுட்டெண் 8 பிட்டாக இருக்கும்வரை 7 பைட் ஸ்ட்ரக்ட் தோற்றுப்போவதில்லை. மேலும் 64 பதிவுக்கு ஒரு பைட் வீதம் 64 பைட் ரேம் வீணாகும், 2048 பைட்டில் அது சிறிய தொகை இல்லை. ஏடிடைனி85 போன்றவற்றில் பெருக்கல் கட்டளையே கிடையாது, அங்கே கணக்கு மாறும். அதனால்தான் அளந்து பார்க்கச் சொல்கிறேன்.

இரண்டு பொயிண்டர்களைக் கழிப்பதையும் கவனியுங்கள். (பொ - பதிவு) என்று எழுதினால் வருவது பைட் வித்தியாசம் இல்லை, எத்தனையாவது பதிவு என்ற எண், அதாவது உள்ளே 7ஆல் ஒரு வகுத்தல் ஒளிந்திருக்கிறது. மிச்சமில்லாமல் வகுபடும் என்று தெரிந்திருப்பதால் கொம்பைலர் அதைப் பெருக்கலாக மாற்றிக்கொள்ளும், ஆனால் அது 16 பிட் பெருக்கல், பெருக்கல் கட்டளை இல்லாத சிப்பில் அதற்கென்று நூலக ஃபங்ஷன் ஒன்று வந்து உட்காரும். சுட்டெண் தேவை என்றால் பொயிண்டரோடு சேர்த்து ஓர் 8 பிட் எண்ணியையும் ஓட்டிவிடுங்கள், ஒரு சுழற்சிதான் செலவு.

லூப்பை எண்ணும் விதம்

64 பதிவுகளைக் கடக்கிற லூப்பை முடிவு முகவரியோடு ஒப்பிட்டு நிறுத்தலாம், அல்லது எண்ணிக்கையைப் பூச்சியம் வரை குறைத்து நிறுத்தலாம். ஏவிஆரில் முகவரி 16 பிட் ஆனபடியால் ஒப்பிட இரண்டு கட்டளை, தாவ 2 சுழற்சி, மொத்தம் 4. எட்டு பிட் எண்ணியைக் குறைத்துத் தாவினால் 3. அத்தோடு முடிவு முகவரிக்கு ஒதுக்கும் இரண்டு ரெஜிஸ்டருக்குப் பதில் எண்ணிக்கு ஒன்று போதும். டூ-வைல் லூப்பில் கடைசியில் --எண்ணிக்கை என்று வைப்பதுதான் இதற்கு ஏற்ற வடிவம். எண்ணிக்கை பூச்சியமாகத் தொடங்க வாய்ப்பிருந்தால் முன்னால் ஒரு சோதனை கட்டாயம், இல்லாவிட்டால் 256 முறை ஓடும். லாபம் சுற்றுக்கு ஒரு சுழற்சிதான், 64 சுற்றுக்கு 4 மைக்ரோசெக்கன். அடிக்கடி ஓடும் உள் லூப்புக்கு மட்டும் இதைச் செய்யுங்கள், மற்ற இடத்தில் வாசிக்க இலகுவாக எழுதுவதுதான் நல்லது.

பின்னோக்கிப் போகும்போது ஒரு பொறி இருக்கிறது. கடைசி உறுப்பில் தொடங்கி "பொ >= பதிவு" என்று இருக்கும்வரை பொ-- செய்கிற லூப்பைப் பலரும் எழுதுகிறார்கள். அணியின் முடிவுக்கு அடுத்த ஓர் இடத்தைப் பொயிண்டர் காட்டலாம் என்று சி அனுமதிக்கிறது, தொடக்கத்துக்கு முந்திய இடத்தைக் காட்ட அனுமதி இல்லை. அந்த லூப் நிற்பதே அப்படி ஓர் இடத்துக்குப் போனால்தான், ஆகவே கொம்பைலர் அதை எப்படி வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம். முடிவுக்கு அடுத்த இடத்தில் தொடங்கி, "பொ != பதிவு" என்ற நிபந்தனையோடு, உள்ளே --பொ செய்து வாசியுங்கள். விதியும் மீறப்படாது, பைட் அணி என்றால் சிப்பின் "குறைத்து வாசி" கட்டளைக்கும் அப்படியே பொருந்தும்.

வளையப் பஃபரும் இன்டரப்டும்

பதிவுகளை அனுப்ப ஒரு சீரியல் மொடியூல் இணைத்திருக்கிறோம், அதிலிருந்து பதில் பைட்டுகள் இன்டரப்ட் வழியாக வருகின்றன. அவற்றை வளையப் பஃபரில், அதாவது முடிவு வந்ததும் தொடக்கத்துக்குத் திரும்புகிற அணியில், வைக்கிறோம். விநாடிக்கு 115200 பிட் வேகத்தில் ஒரு பைட்டுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி ஏறக்குறைய 87 மைக்ரோசெக்கன், அதாவது 16 மெகாஹேர்ட்ஸில் 1400 சுழற்சிக்குச் சற்றுக் குறைவு. நிறைய இருப்பதுபோலத் தெரியும். ஆனால் பஃபரின் அளவை 50 என்று வைத்து, அடுத்த இடத்தை % 50 என்று கணக்கிட்டால், ஏவிஆரில் வகுத்தல் கட்டளை இல்லை, நூலக ஃபங்ஷன் ஓடும், 16 பிட் வகுத்தல் என்றால் சுமார் 200 சுழற்சி. இன்டரப்டுக்குள் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் பல ரெஜிஸ்டர்களைச் சேமித்து மீட்கிற செலவும் சேரும். அளவை 64 ஆக்கி & 63 என்று எழுதுங்கள், ஒரே கட்டளை. 50தான் வேண்டும் என்றால், கூட்டிவிட்டு 50 ஆனதா என்று பார்த்துப் பூச்சியமாக்குங்கள், அதுவும் மலிவுதான். % 64 என்று எழுதினாலும் கொம்பைலர் மாற்றிக்கொள்ளும், ஆனால் மாறி குறியில்லாத வகையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிர் எண்களுக்கான கூடுதல் கட்டளைகள் வரும். பஃபர் சரியாக 256 பைட் என்றால் 8 பிட் சுட்டெண் தானாகவே சுற்றிக்கொள்ளும், மறைப்பும் தேவையில்லை.

இங்கே சுட்டெண்ணா பொயிண்டரா என்று கேட்டால், நான் தயங்காமல் 8 பிட் சுட்டெண் என்பேன். வேகத்துக்காகச் சொல்லவில்லை. பொயிண்டர் இரண்டு பைட், 8 பிட் சிப் அதை இரண்டு கட்டளையில் வாசிக்கிறது, அந்த இரண்டுக்கும் நடுவில் இன்டரப்ட் புகுந்துவிடலாம். பொயிண்டர் 511இல் இருக்கிறது என்று வைப்போம்: கீழ் பைட் 255, மேல் பைட் 1. முதன்மை நிரல் கீழ் பைட்டை வாசித்தது, 255. அந்த நொடியில் இன்டரப்ட் வந்து பொயிண்டரை 512 ஆக்கிவிட்டது: கீழ் 0, மேல் 2. திரும்பி வந்து மேல் பைட்டை வாசித்தால் 2. கையில் இருக்கும் முகவரி 767! மேசையில் நாள் முழுக்கச் சரியாக ஓடிவிட்டு, கொண்டுபோய்ப் பொருத்திய பிறகு எப்போதாவது ஒரு முறை குப்பை வாசிக்கிற நிரல்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். 8 பிட் சுட்டெண்ணை வாசிக்க ஒரே கட்டளை, இடையில் எதுவும் புக முடியாது. பகிரும் மாறிக்கு வாலடைல் (ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்தே வாசி என்று கொம்பைலருக்குச் சொல்லும் சொல்) போட மறக்காதீர்கள், ஆனால் வாலடைல் மட்டும் போட்டால் இந்தப் பிளவு நிற்காது. பொயிண்டரே வைத்திருக்க வேண்டிய கட்டாயம் என்றால் வாசிக்கும் அந்த நேரத்துக்கு இன்டரப்டை நிறுத்தி, பிரதி எடுத்து, திரும்ப விடுங்கள்.

ஃபிளாஷில் உள்ள அட்டவணைகள்

டிஎஸ்18பி20 தரும் 9 பைட்டில் கடைசிப் பைட் பிழை சரிபார்ப்புக்கானது. அதைச் சரிபார்க்க 256 பைட் அட்டவணை ஒன்றை வைப்பது வழக்கம். ஏடிமெகா328பியில் கொன்ஸ்ட் (மாறாதது) என்று மட்டும் போட்டால் அந்த அட்டவணை ரேமுக்கும் பிரதியாகி, இருப்பதில் எட்டில் ஒரு பங்கை விழுங்கிவிடும். புரொக்மெம் என்ற குறிப்பைப் போட்டு ஃபிளாஷில் வைத்தால் ரேம் தப்பும், வாசிக்க 2க்குப் பதில் 3 சுழற்சி, அதுவும் இசட் வழியாக மட்டும். வழக்கமான வாசிப்பு மேக்ரோவுக்குள் இடம்++ என்று கொடுத்தால், சிப்பில் "வாசித்துக் கூட்டு" கட்டளை இருந்தாலும் கொம்பைலர் அதைப் பயன்படுத்தாமல் தனியே கூட்டும், ஏனென்றால் மேக்ரோவின் உள்ளே இருப்பது கையால் எழுதிய அசெம்பிளி. சுத்தமான சி கோப்பில் ஜிசிசி கொம்பைலரின் ஃபிளாஷ் என்ற சிறப்புச் சொல்லைப் பயன்படுத்தினால் அது தீரும், சி++இல் அந்த வசதி இல்லை, ஆர்டுயினோ ஸ்கெட்சும் சி++தான். ஆர்டுயினோ நனோ எவரி போர்டில் இருக்கும் ஏடிமெகா4809 போன்ற புதியவற்றில் ஃபிளாஷே சாதாரண முகவரிகளில் தெரிவதால் கொன்ஸ்ட் மட்டும் காணும்.

ஆனால் இந்த வேலைக்கு அட்டவணையே தேவையா? 12 பிட் அளவீட்டுக்குச் சென்சர் எடுக்கும் நேரம் 750 மில்லிசெக்கன் வரை. ஏழு சென்சருக்கும் எட்டெட்டுப் பைட்டை பிட் பிட்டாகச் சரிபார்த்தாலும் அதன் முன்னால் அது ஒன்றுமே இல்லை. அட்டவணையை விட்டுவிடுங்கள்.

பைட்டிலிருந்து எண் செய்வது, பிறகு வேறு சிப்புக்கு மாறுவது

சென்சரின் முதல் இரண்டு பைட் வெப்பம், கீழ் பைட் முதலில், ஓர் அலகு 1/16 பாகை. பைட் பொயிண்டரை 16 பிட் பொயிண்டராக வேஷம் மாற்றி ஒரே அடியில் வாசிக்க ஆசை வரும். ஏவிஆரில் அது ஓடும். அதே நிரலை எஸ்டிஎம்32இன் கோர்டெக்ஸ்-எம்0 (32 பிட் ஆர்ம்) சிப்புக்குக் கொண்டுபோனால், முகவரி ஒற்றை எண்ணாக இருந்த கணமே ஹார்ட்ஃபோல்ட் என்ற பிழை அடித்து நின்றுவிடும். எம்எஸ்பி430 சிப்பில் இன்னும் மோசம், முகவரியின் கடைசி பிட்டை அது கவனிக்காமல் பக்கத்து இடத்தைச் சத்தமில்லாமல் வாசித்துத் தரும். எங்கும் ஓடுகிற விதம் இதுதான்: மேல் பைட்டைக் குறியில்லாத 16 பிட்டாக மாற்றி, 8 இடம் நகர்த்தி, கீழ் பைட்டோடு | செய்யுங்கள். மாற்றாமல் நகர்த்தினால், இன்ட் 16 பிட்டாக உள்ள ஏவிஆரில் மேல் பைட் 128 அல்லது அதற்கு மேல் இருக்கும்போது குறி பிட்டுக்குள் போய்விடும்.

எம்0க்கு மாறும்போது இன்னும் சில பழக்கங்களையும் மாற்ற வேண்டும். அதில் "வாசித்துக் கூட்டு" என்பதற்குச் சாதாரணக் கட்டளை இல்லை, பொயிண்டர் கூட்டல் தனிக் கட்டளை. ஆனால் தொடக்க முகவரியையும் சுட்டெண்ணையும் இரண்டு ரெஜிஸ்டரில் கொடுத்தால் ஒரே கட்டளையில் வாசிக்கும். ஆகவே பைட் அணியைச் சுட்டெண்ணைப் பூச்சியம் வரை குறைத்துக்கொண்டு வாசிப்பது அங்கே பொயிண்டரைவிட ஒரு கட்டளை குறைவாக முடியலாம், ஏவிஆரில் கற்றதற்கு நேர் எதிர். எம்3, எம்4இல் இரண்டு விதமும் உண்டு. சுட்டெண்ணை 8 பிட் வகையில் வைத்தால் 32 பிட் சிப்பில் அதை வெட்டிக்கொண்டே இருக்கக் கூடுதல் கட்டளை வரலாம், அதனால் இரண்டு சிப்பிலும் ஓட வேண்டிய நிரலுக்கு யுஇன்ட்-ஃபாஸ்ட்8 வகையைப் பயன்படுத்துங்கள், ஏவிஆரில் அது 8 பிட், ஆர்மில் 32 பிட்.

நம் பதிவு ஸ்ட்ரக்டும் அங்கே 7 பைட்டாக இராது. எண், நேரம், வெப்பம் என்ற வரிசையில் எழுதியிருந்தால் ஒவ்வோர் உறுப்பும் தன் அளவுக்கு ஏற்ற முகவரியில் தொடங்குவதற்காக இடைவெளி நிரப்பி 12 பைட் ஆகிவிடும். நேரம், வெப்பம், எண் என்று பெரியதிலிருந்து சிறியதுக்கு அடுக்கினால் 8 பைட். 64 பதிவுக்கு 768க்குப் பதில் 512. பொயிண்டரின் தூர வசதியும் எம்0இல் வகைக்கு வகை மாறும்: பைட்டுக்கு 31 வரை, 16 பிட்டுக்கு 62 வரை, 32 பிட்டுக்கு 124 வரை. பெரிய ஸ்ட்ரக்ட் என்றால் அடிக்கடி தொடும் பைட் உறுப்புகள் முதல் 32 பைட்டுக்குள் வருகிறதா என்று ஆஃப்செட்ஆஃப் (உறுப்பின் தூரத்தைச் சொல்லும் சி வசதி) போட்டுப் பார்த்துவிட்டு, ஒப்ஜ்டம்பை இன்னொரு முறை ஓட்டுங்கள்.